முன்வாசல் விருந்தாளி

எனக்கு அறுபத்து மூன்று வயது நடக்கிறது. பெற்றது ஆறு, கொழுந்தன் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஒன்பது. ஒன்றையும் அடுத்தவர் வாசலில் போய் நிற்க விட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், அதனால் மெதுவாகத்தான் வரும்.

இப்போது, தொண்ணூற்றாறாம் வருஷம், பஹ்ரைனில், ஈசா டவுனில், மகன் வீட்டில் இருக்கிறேன். இந்த நாடு எனக்குப் புதிதில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. உலகச் சண்டை நடந்த காலத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையாக இங்கே இருந்தவள் நான்.

வாப்பா எண்ணெய்க் கேம்ப்பில் ஓர் அமெரிக்கத் துரை வீட்டில் சமையல் பண்டாரி. நானும் அவர்கூடப் போய் அடுப்படியில் இருப்பேன். அந்த வீட்டில் அமெரிக்கர்களுக்கு முன்வாசல், மற்றவர்களுக்கெல்லாம் பின்வாசல். முன்பக்கம் ஐஸ் தண்ணீர், பின்பக்கக் குழாயில் வெயிலில் கொதித்த தண்ணீர். வாப்பா அதைக் குறையாக நினைக்கவில்லை. வாசல் மாறாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்குப் பெருமைகூட உண்டு.

ஒரு மத்தியானம், துரைசானி வெளியே போயிருந்த நேரம். எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் துரைக்கு வந்த பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நல்ல உயரம், வாப்பாவைவிடக் கறுப்பு. அவராகவே வீட்டைச் சுற்றிவந்து பின்வாசலில் நின்றார். எந்த ஊர் என்று வாப்பா கேட்டார். அவர் நெஞ்சைத் தொட்டு, அமெரிக்கா என்றார்.

வாப்பா பதறிப்போனார். அமெரிக்கரைப் பின்வாசலில் நிறுத்தினோம் என்று தெரிந்தால் வேலை போய்விடுமே.

“இது எங்க வாசலுங்க. உங்க வாசல் அங்ஙன இருக்கு, வாங்க” என்று தமிழிலேயே சொல்லி, கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிப்போனார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாப்பா அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். துரை சாப்பிடும் மேசையில் உட்காரவைத்து, நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டில் கோழிக்கறியும் ரொட்டியும் வைத்தார். கண்ணாடித் தம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினார்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். திரைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் ஊரில் இந்த உயரத்தில் ஒரு பெண் இருப்பதாகக் கையால் காட்டினார்.

கார் வந்த சத்தம் எங்களுக்குக் கேட்கும் முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது. தட்டில் பாதி இருக்கும்போதே எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

துரைசானி சத்தம் போடவில்லை. மேசையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியாக வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார்.

“மேடம், இவரும் அமெரிக்கா. சேம் சேம்.”

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். போகும்போது வாப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே வாப்பாவுக்கு வேலை கலாஸ். அந்தத் தட்டையும் தம்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் துரைசானி.

எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. தலைத்துண்டில் பொதிந்து வாப்பா சுமந்து வந்தார்.

“வாப்பா, இது நமக்கேவா?”

“நமக்குத்தாம்மா.”

“துரைசானி நல்லவங்கதான், இல்ல?”

வாப்பா பொதியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். தினம் வாப்பா கைபட்ட தட்டில் சாப்பிட்டவள், அந்த மனிதர் கைபட்ட தட்டை மட்டும் ஏன் வேண்டாம் என்றாள் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

வேறு வேலை அமையவில்லை. கப்பலேறி ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், அமெரிக்காக்காரி எங்களுக்குக் கொடுத்த பரிசு என்று அந்தத் தட்டைக் காட்டுவேன். வாப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் மவுத்தாகும் வரை அவர் சோறு தின்றது அந்தத் தட்டில்தான். வேறு தட்டில் வைத்தால் கை நனைக்கமாட்டார்.

போன வாரம் பேத்தி தன் சரித்திரப் புத்தகத்தில் ஒரு படம் காட்டினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள். ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு, ஒன்று கறுப்பர்களுக்கு. அமெரிக்காவிலேயேவா என்று கேட்டேன். “ஆமா ராதிமா, அங்கதான். அப்ப அதுதான் சட்டம்” என்றாள். எனக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகமில்லை. பொங்கி வழிந்துவிட்டது.

அந்த மனிதர் எதற்குச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார் என்று ஐம்பது வருஷம் கழித்து விளங்குகிறது. வாப்பாவுக்கு எப்போது விளங்கியது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இதோ பேத்தி வந்துவிட்டாள். வாம்மா, இப்படி உட்கார். நான் எழுதினதை ஒருதரம் வாசித்துக் காட்டு. வாப்பா ‘சேம் சேம்’ என்று சொல்லும் இடத்தை மட்டும் கொஞ்சம் உரக்க வாசி.