ஜேர்மன்காரர் கேட்ட கை

துப்புரவு வேலைக்குப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது சந்தேகம். தும்புத்தடியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பலெர்மோவில் மாடிப்படி தேய்த்துத் தேய்த்து விரல் வெடித்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொலிதேயாமா நாடக அரங்கப் பக்கத்தில் நான் வீட்டுவேலை செய்த எசமானி, அந்தச் சின்யோரா, மகனோடு இருக்க வடக்கே போய்விட்டார். இத்தாலியில் தங்குவதற்கான என் பெர்மெசோ முடிய மூன்று மாதம் இருந்தது. அதைப் புதுப்பிக்க, 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று ஒரு எசமான் கையெழுத்து வைத்த கடிதத்தைக் கெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் காட்டவேண்டும். கடிதம் இல்லாவிட்டால் நானும் மனைவி றெஜினாவும் மூட்டை கட்டவேண்டியதுதான். அந்த நேரத்தில் அகப்பட்டவர்தான் டீற்றர் என்ற ஜேர்மன் சிற்பி. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வண்டிக் கொட்டகை ஒன்று அவருடைய பட்டறை. இருவரும் ஓட்டை இத்தாலியனில்தான் கதைத்தோம். அவர் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

கூட்டாத கூலிக்காரன்

முதல் நாளே, வாசலிலிருந்து அடுப்புவரை ஒரு பாதை காட்டி, அதை மட்டும் கூட்டச் சொன்னார். மற்ற இடமெல்லாம் சாந்துத் தூள் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதைத் தொடக்கூடாதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது, இது சோதனை. பழைய சின்யோராவும் இப்படித்தான், கட்டிலுக்குக் கீழே ஒற்றைத் தோட்டைப் போட்டுவிட்டு, நான் எடுத்துக் கொடுக்கிறேனா என்று கதவிடுக்கால் பார்ப்பார்.

ஒரு கிழமை முழுக்கத் தோடு தேடினேன். ஆணியைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையைத் துப்புரவாக்கும் செல்வராசா அண்ணையிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்து மனிதர், என்னைவிடச் சந்தேகக்காரர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "கூட்டுறவனைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு கூட்டாதை எண்டுறவனை நம்பாதை தம்பி. அங்கை வேறை ஏதோ நடக்குது."

மிச்ச மனிதர் எங்கே?

அண்ணை சொன்ன பிறகு நான் பட்டறையை வடிவாகப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு தட்டில் வரிசையாகக் காதுகள். இன்னொரு தட்டில் குதிக்கால்கள். மூலையில் ஒரு முழங்கை. முழு மனிதர் ஒருவரும் இல்லை. நான் சண்டை கண்ட ஊர்க்காரன், ஆளில்லாமல் உறுப்பு மட்டும் கிடந்தால் மிச்ச ஆளைத் தேடுவேன்.

ஒருநாள் கோப்பி குடிக்கும்போது, ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று மெல்லக் கேட்டேன். தகப்பன் கல்லறைக் கல் வெட்டியவராம், இவரும் சின்ன வயதிலேயே அந்த உளியைப் பிடித்தவராம். வேலை செய்த இடம் சவக்காலை என்று அறிந்ததும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அதை ஏன் விட்டீர்கள் என்றேன். தன் உளியைத் துடைத்தபடி சொன்னார்: "பதினைஞ்சு வருசம் செத்த ஆக்களின்ர பேர் வெட்டினன். ஒருத்தரின்ர கையையும் நான் காணேல்லை."

கொடுத்த கை

இரண்டு மாதம் போனது. கடிதத்தை எழுதுவித்துக் கொண்டுபோய், கையெழுத்துக் கேட்டேன். "முதல் உம்மட வலதுகை எனக்கு வேணும். அதுக்குத்தானே உம்மை வேலைக்கு எடுத்தனான்," என்றார். பல்வைத்தியர் வாய்க்குள் வைப்பதுபோல ஒரு பசையை வாளியில் கரைத்து, என் கையை மணிக்கட்டுவரை அமிழ்த்தினார். அது இறுகியதும் கையை உருவி எடுத்து, பள்ளத்துக்குள் மெழுகை ஊற்றினார். ஆறிய பின் பசையை உடைத்தார். உள்ளே என் கை இருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் வெடித்த வெடிப்பு, நகத்தில் விழுந்த பள்ளம், பெருவிரல் ரேகை, ஒன்றும் தப்பவில்லை. அதை வெண்கலமாக வார்த்து ஜேர்மனிக்கு அனுப்பப் போகிறாராம். அச்சு உடைந்துவிட்டதால் அந்த ஒன்றுதான் இருக்கிறது என்றும், கை முடிந்த பிறகு கடிதத்தில் கையெழுத்து வைக்கலாம் என்றும் சொன்னார்.

எனக்கு ரேகையிலேயே கண். ஊரில் ஒருமுறை பொலிஸ் என் பெருவிரலில் மை பூசி எடுத்தது. அதன்பிறகு பட்ட பாட்டில்தான் நாடே விட்டேன். இங்கே மையும் தேவையில்லை, கையையே கொடுத்திருக்கிறேன். நான் வீட்டுக்கு வந்து புலம்பியதைக் கேட்ட றெஜினா சொன்னது இவ்வளவுதான்: "கேட்டவுடனை கையைக் குடுத்திட்டு வாறியள். கடிதத்தை மட்டும் அந்தாள் ஏன் பிறகு எண்டுறார்?"

மலைக்குப் போன கை

மூன்று கிழமை போயும் கை மெழுகாகவே கிடந்தது, கையெழுத்தும் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, அவர் சுண்ணாம்பு வாங்கப் போன நேரம், மெழுகுக் கையைப் பாண் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உருக்கிவிடத்தான். செய்தது களவு, இப்போதும் வெட்கமாக இருக்கிறது. உருக்கச் சட்டி தேடியபோது றெஜினா வந்ததால், அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்த நாள் வேறொரு வீட்டில் மாடிப்படி தேய்க்கப் போய்விட்டேன்.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். எங்கள் பக்கத்தில் கை நொந்தால் மெழுகுக் கை, கால் நொந்தால் மெழுகுக் கால் என்று மாதாவுக்கு நேர்த்தி வைப்போம். சிசிலிக்காரருக்கும் அதே வழக்கம், மலைமேல் இருக்கும் சாந்தா ரொசாலியா குகைக் கோயிலில் வெள்ளிக் கையும் காலும் கண்ணாடிக்குள் குவிந்து கிடக்கும். ஞாயிறு பின்னேரம் வந்து அலுமாரியைத் திறந்தேன், வெறுமை. பங்குப் பெண்களோடு மலையேறிவிட்டு வந்த றெஜினா, கால் நோவைத் தடவியபடி சொன்னாள்: "நீங்கள் சொல்லாட்டி எனக்கு விளங்காதே? பெர்மெசோவுக்கு நேர்த்திதானே. வைச்சிட்டன்."

தொடவேண்டாம்

திங்கட்கிழமை டீற்றர் பட்டறையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வை எனக்கு நல்ல பழக்கம், நான் மூன்று மாதமாக அவரைப் பார்த்த அதே பார்வை. வெள்ளிக்கிழமை பெர்மெசோ முடிகிறது. பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் மேலங்கியை மாட்டினார். கெஸ்தூராவுக்குத்தான் என்று நினைத்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

கண்ணாடிக்கு வெளியே, பூச்சாடிகளுக்கு நடுவில் என் கை நின்றது. யாரோ ஒரு செபமாலையைப் பெருவிரலில் மாட்டியிருந்தார்கள். கறுப்பு உடுத்த சிசிலிக் கிழவி ஒருத்தி அதன் வெடிப்புகளைத் தடவி, குனிந்து உதடு பதித்து முத்தி செய்துவிட்டுப் போனாள். எடுத்துப் போங்கள் என்றேன். அவர் கோயில் வாங்கில் உட்கார்ந்து, ஒரு மாதமாக நான் சட்டைப்பையில் காவித்திரிந்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் சரிபார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் செய்த எல்லாத்துக்கும் பக்கத்திலை 'தொடவேண்டாம்' எண்டு எழுதி வைக்கினம். இது இஞ்சையே இருக்கட்டும்."

பெர்மெசோ கிடைத்தது, ஆக, மேலே இருக்கிற என் வலதுகையை ஊர் முத்தி செய்கிறது, கீழே இருக்கிற வலதுகையில் இன்றைக்கும் தும்புத்தடிதான்.