இரண்டாவது மச்சம்

தொண்ணூறுகளில், திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளிலிருந்து மீட்ட பிள்ளைகளின் சிறப்புப் பள்ளி என் பொறுப்பில் இருந்தது. அதில் படித்த சிறுமி ஒருத்தியை அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க அன்றே கடைசி நாள். தவறினால் மறுபடி பட்டறைதான். படிவம் இரண்டு அங்க அடையாளங்கள் கேட்டது. அவளுக்கு இருந்ததோ ஒரே மச்சம்.

“ரெண்டு மச்சம் இல்லாம பதிய முடியாது” என்றார் தலைமையாசிரியர்.

“பேனாவுல ஒண்ணு வச்சுக்கவா சார்?” என்றாள் சிறுமி.

“சும்மா இருடி. இம்புட்டு வளந்தும் ஒரு மச்சத்துக்கு வழியில்ல!” என்று அவள் அம்மா மகளின் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

தழும்பும் அடையாளம்தான் என்று விதியைச் சொன்னேன். விதி என் வாயிலிருந்து ஒருவருக்கு உதவியாக வந்தது அதுவே முதல்முறை. உடனே, பட்டறையில் அரம் கிழித்த தழும்புள்ள விரலைச் சிறுமி நீட்டினாள். தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார்.

“நான் ஆறாப்பு!” என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.