என் பங்காளி டோரதி வாக்கர்

அன்று காலை எழுந்ததும் ட்ரையரில் கிடந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். மகளின் ஜீன்ஸ் கையில் இருந்தபோது அலுவலகத் தோழியின் குறுஞ்செய்தி வந்தது. டோரதி வாக்கர் இறந்துவிட்டார், மாரடைப்பு. மிச்சத் துணியையும் மடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு மூன்று வருடம் கைத்தறிச் சேலை கட்டி வந்த வெள்ளைக்கார அம்மாள் என்றால் உங்களுக்கு நினைவு வரும். பார்சிப்பனி ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் பதினோரு வருடம் அவர் எனக்குப் பக்கத்து மேசை.

வாக்கர் என்றால் நடப்பவர் என்றே நினைத்திருந்தேன். நான் சேர்ந்த முதல் வாரம், சாண்ட்விச்சைக் கடித்தபடி திருத்தினார். "நடந்தவங்கதான், ஆனா தொட்டிக்குள்ள. தறியிலருந்து வந்த கம்பளித் துணியப் பழைய மூத்திரத்துல ஊறப்போட்டு, நாள் முழுக்கக் காலால மிதிப்பாங்க. அப்பதான் எண்ணெயும் அழுக்கும் போய்த் துணி இறுகும். எங்க ஆளுங்க அதத்தான் செஞ்சாங்க."

அந்த வேலை செய்தவருக்கு வட இங்கிலாந்தில் வாக்கர் என்று பெயர். தெற்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். அப்படியானால் மூன்று பெயர்க்காரர்களும் பங்காளிகள் என்று சொல்லி, அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். எங்கள் அலுவலகத்திலும் டக்கர் என்று ஒருவர் உண்டு; அன்றிலிருந்து அவர் எதிர்ப்பட்டால் டோரதி "வாங்க பங்காளி" என்பார். அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அன்றே என் பெயரின் கடைசியில் இருக்கும் மாரிமுத்துவுக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

"மாரிமுத்து எங்க அப்பா பேர். எங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது."

"சரி, அப்பாவுக்கு என்ன வேலை?"

"துணி வியாபாரம்."

"அப்ப நீயும் பங்காளிதான்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்பா துணி விற்கவில்லை. ஊர்த் துணியை வெளுத்தார்.

ஒரு பொங்கலன்று சாப்பாட்டு மேசையில் டோரதி இதே கதையைச் சொன்னார். "அப்ப நம்மூர் டோபின்னு சொல்லுங்க" என்றார் ஓர் அங்கிள், தமிழில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன சொன்னார் என்று டோரதி கேட்டார்.

"கதை நல்லா இருக்காம்."

"அப்படித் தெரியலையே" என்று என்னைப் பார்த்துவிட்டு, வடையை எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல அதற்குப் பிறகு எத்தனையோ மதியச் சாப்பாடுகள் இருந்தன. நான் சொல்லவில்லை. இனி அவரிடம் சொல்ல முடியாது. எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய குரல். உப்பை எடுத்துக் கொடு என்பதுபோலத் தன் முன்னோரின் தொழிலைச் சொன்ன குரல்.

என் மகளும் தாத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார் என்றே நம்புகிறாள். இந்தச் சங்க மலர் உங்கள் கைக்கு வருமுன் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அப்பா துணி வெளுத்தவர் என்பது வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.