மூணு பெட்டிக்கு ஒரு துளை

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் கேபிள் செருக நாலு துளைகள் உண்டு. அதில் 4கே படத்தை முழுத் தரத்தில் வாங்கிக்கொள்வது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் பேருக்குத்தான். தெரியாமல் ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கடையில் ஓடிக்கொண்டிருந்த படத்தின் நிறத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, தெரிந்தே வாங்கிவந்தேன்.

அந்த ஒரு துளைக்குப் போட்டி போட்டவை மூன்று. டிஸ்க் பிளேயர், இணையத்தில் படம் பார்க்கிற சின்னப் பெட்டி, செட்டாப் பாக்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் டிவியை நகர்த்தி, கையை உள்ளே விட்டுத் துழாவி, கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டும். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் நான். என் வீட்டில் இப்படி ஒரு கூத்தா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. மூன்றையும் ஒரு பெட்டியில் செருகி, அதிலிருந்து ஒரே கேபிளை டிவிக்குக் கொண்டுபோகும் சுவிட்சர் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

இத்தனை பாடும் எதற்கென்றால், என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அது நடக்கவே இல்லை. தர்மபுரியில் தியேட்டருக்குக் கூட்டிப்போனால் இடைவேளையோடு கிளம்பிவிடுவார். மோட்டார் போடணுமாம். எங்கள் தோட்டத்து லைனுக்கு மூணு ஃபேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வரும். வரும்போது வீட்டு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். அவருக்கு அதுதான் மணியடித்த மாதிரி. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். செல்போனிலிருந்தே மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் மாட்டி இரண்டு வருஷமாகிறது. அப்புறமும் போனார். "நேர்ல பாத்தாத்தான் மனசு ஆறுது" என்பார்.

மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் தோட்டத்திலும் ஒருவர் டிவி முன்னாலும் இருந்தால் எனக்கு நன்றாகவா இருக்கும்? அவர் புளி மூட்டை அடுக்கியிருந்த அறையைச் சண்டை போட்டு வாங்கி, திரைச்சீலை கட்டி, நல்ல ஸ்பீக்கர் வைத்தது அவரை அங்கே பிடித்து உட்காரவைக்கத்தான்.

முதல் சுவிட்சரை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கினேன். "எல்லாமே 4கேதாங்க அக்கா, டப்பாலயே போட்டிருக்குது பாருங்க" என்றார் கடைக்காரர். டப்பாவில் போட்டிருந்தது உண்மைதான். வினாடிக்கு முப்பது படம்தான் வரும் என்பதையும் போட்டிருந்தார்கள், எறும்பு சைசில். கிரிக்கெட் பந்து தத்தித் தத்திப் போனது. டிஸ்க் போட்டால் முகமெல்லாம் வெளுத்துச் சோகை பிடித்ததுபோல் தெரிந்தது. திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்பேன். வினாடிக்கு அறுபது படம் வருமா? நிறத்தைக் குறைக்காமல் கடத்துமா? திருட்டுக் காப்பி எடுக்காமல் தடுக்கிற பூட்டு புதுசா, பழசா? பழைய பூட்டென்றால் 4கே டிஸ்க் போட்டதும் திரை கறுத்துவிடும்.

இரண்டாவது பெட்டி மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னது. கூடவே ஒரு கெட்டிக்காரத்தனமும் அதற்கு இருந்தது. எந்தக் கருவி புதிதாக உயிர் பெறுகிறதோ அதற்குத் தானாகவே மாறிவிடும். ரிமோட்டே வேண்டாம் என்று அவரிடம் பெருமையடித்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிரிப்புப் படம் போட்டு உட்காரவைத்தேன். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. விளக்கு கண் சிமிட்டியது. உடனே படம் மறைந்து, யாரோ ஒரு அம்மா திரை நிறையக் கேழ்வரகுக் களி கிண்டினார்.

"மூணு ஃபேஸ் வந்துருச்சு. நீ பாத்துனு இரு புள்ள, நான் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்." செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. தப்பு என்னுடையது. டிவி, பிளேயர், சுவிட்சர் எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் இருந்தன. செட்டாப் பாக்ஸை மட்டும், வயர் எட்டவில்லை என்று சாதா பிளக்கில் மாட்டியிருந்தேன். கரண்டு சிமிட்டியதும் அது மட்டும் அணைந்து எழுந்தது. புது விருந்தாளி வந்துவிட்டதென்று சுவிட்சர் அதன் பக்கம் ஓடியிருக்கிறது. பகலெல்லாம் மோட்டார் கரண்டுக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு அப்படிப்பட்ட பெட்டியை வாங்கியதே என் புத்திசாலித்தனம். நீள வயர் போட்டு அதையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன்.

அடுத்த ஞாயிறு அதே படம், முதலிலிருந்து. விளக்கு சிமிட்டியது. படம் இம்மியும் அசையவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால், நாற்காலி காலி.

இந்த முறை விடவில்லை. பின்னாலேயே போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து செல்போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. நான் உள்ளே போட்டிருந்த அதே படத்தின் சிரிப்புக் காட்சி.

"ஏங்க, இதைத்தானே அங்க போட்டேன்?"

திடுக்கிட்டுப் போனை மடியில் மறைத்தார். "அங்க சத்தம் கேக்குது புள்ள. என்னா பேசறாங்கன்னுதான் வெளங்கல. நீ சிரிக்கறப்ப நானும் சிரிச்சுக்குவேன். இப்படிக் காதுல வெச்சாத்தான் வெளங்குது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மூன்று வருஷம் இருக்கும் என்றார். என்னிடம் சொல்ல வெட்கமாம். படத்தில் ஒரு முடி தெரியவில்லையென்றால் கண்டுபிடிக்கிற எனக்கு, பக்கத்து நாற்காலியில் இருக்கிறவருக்குக் காது கேட்கவில்லை என்பது தெரியாமல் போயிருக்கிறது. அழுதுவிட்டேன். "தண்ணி பாச்சறதுக்கு மோட்டார் இருக்குது, நீ எதுக்கு?" என்றார்.

காது டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, தோட்டத்தில் தக்காளி பறிப்பு முடியட்டும் என்றார். சரி, அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? மறுபடி சுவிட்சர் தேடினேன். மூன்று கேள்வியோடு நாலாவதாக ஒன்றையும் கேட்டேன். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை ஹெட்போனுக்கும் தனியாகப் பிரித்துக் கொடுக்குமா? கொடுக்கிற ஒன்று கிடைத்தது. வயர் இல்லாத ஹெட்போனில் உதடு அசைந்த பிறகுதான் பேச்சு வந்தது. அதனால் நீளமான வயர் வாங்கி, பாய்க்கு அடியில் ஓட்டி, அவர் நாற்காலி வரை கொண்டுபோனேன்.

ஹெட்போனை மாட்டிவிட்டுப் படத்தைப் போட்டேன். முதல் வசனத்துக்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சிரித்தார், எனக்கு முன்னால். காதை அடைத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் குரல் தெரியாதே, வீடு அதிரக் கத்தினார்: "ஏ புள்ள! அவன் சொன்னது கேட்டுதா?"

அந்தப் படத்தை நான் நாலு தடவை பார்த்தவள். பக்கத்தில் யாராவது பேசினால் எனக்குப் பிடிக்காது. அவர் பக்கம் சாய்ந்து, ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, "சரியா கேக்கலீங்க, என்ன சொன்னான்?" என்றேன்.

சொன்னார், ஒரு வரி விடாமல்.