மெனுவில் முளைத்த ஆட்டுக்கால்

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் குழம்புக்குப் புளி கரைப்பான். அவன் வயிற்றில் தொழில் புளியைக் கரைக்கும். கடை வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கொல்லிமலையில் நானும் என் ஊட்டுக்காரி சரசுவும் மெஸ் நடத்துகிறோம். பக்கத்து லாட்ஜில் தங்குகிறவர்களை நம்பித்தான் முக்கால்வாசி வியாபாரம். லாட்ஜ் ஓனர் ஒரு நாள் வந்தார். "மேசைக்கு மேசை கியூஆர் கோடு ஒட்டி, மெனுவப் போன்லயே காட்டுங்க. இல்லீன்னா கெஸ்ட்டையெல்லாம் கீழ்க்கடைக்கு அனுப்பீருவேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அனுப்பிவிட்டால் எங்களுக்குப் பூட்டுதான் மிச்சம். ஒட்டினோம். அன்றிலிருந்து யார் போனை எடுத்தாலும் நான் கல்லாவை விட்டு எழுந்துவிடுகிறேன்.

சிக்னல் தேடி

முதல் நாளே லாட்ஜிலிருந்து ஐந்து பேர், கோயம்புத்தூர்க்காரர்கள். கோட்டுக்கு நேராகப் போனைப் பிடித்தார்கள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் சிக்னல் கிடைக்கும் என்று நானே வாயைக் கொடுத்தேன். ஐந்து பேரும் எழுந்து போய்விட்டார்கள். மரத்துக்கு இருபதடி தள்ளிக் கீழ்க்கடை. அந்தக் கடைக்காரர் வாசலில் நின்று இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே ஓடினேன். அவர்களில் பெரியவர் போனிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்: "ஏனுங்க, சாப்பாட்டையும் இங்கயே கொண்டாந்துருவீங்களா, இல்ல மெனுவ மட்டும் இங்க பாத்துட்டு அங்க வரோணுமா?"

வாத்தியாரின் சோதனை

சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார் ஒருவர் தினமும் மதியம் எங்களிடம்தான் சாப்பிடுகிறார். கோடு ஒட்டிய மறுநாள் ஆசையாகப் பார்த்தார். மெனுவில் மீன் வறுவல் இருந்தது, அடுப்பில் இல்லை. மெனுவை மாற்ற எனக்குத் தெரியாது. அதைச் செய்து கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் போனை எடுக்கவில்லை. இவரும் போய்விட்டால் என்ன செய்வது என்று கலங்கி, அசடு வழிய நின்றேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "விடுங்க, உங்க ஊட்டம்மா மொகத்தப் பாத்தாலே இன்னைக்கு என்ன கொழம்புன்னு தெரிஞ்சுருதுங்க."

ஆட்டுக்கால்

இது நடந்தபோது எனக்கு நிஜமாகவே உயிர் போய் வந்தது. எங்கள் மலையில் முடவாட்டுக்கால் என்றொரு கிழங்கு உண்டு. பாறையில் படர்வது, சுத்த சைவம். அதில் மிளகு தட்டிப்போட்ட சூப்புக்காகவே மலையேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் 'முடவ'வை வெட்டிவிட்டு 'ஆட்டுக்கால் சூப்' என்று போட்டு, அசைவத்துக்கான சிவப்புப் புள்ளியும் வைத்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

லாட்ஜில் தங்கியிருந்த ஒரு தம்பதி, கோயிலுக்கு விரதமிருந்து வந்தவர்கள். சைவ சூப் என்று சரசு வாயால் சொன்னதைக் கேட்டு ஆளுக்கொரு டம்ளர் சூப் குடித்தார்கள். நன்றாக இருக்கிறதே, பேர் என்ன என்று பார்க்க அந்த அம்மாள் போனைக் கோட்டுக்கு நேரே நீட்டினார். சிக்னல் அன்றைக்கென்று பார்த்து ஓடி வந்தது. அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "என்னத்தக் குடிக்க வெச்சீங்க?" என்று கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் லாட்ஜ் ஓனரைக் கூப்பிட, அவரும் வந்து நின்றார். தொலைந்தோம், இன்றோடு கடை முடிந்தது என்றே நினைத்தேன்.

"கெழங்குங்க, வெறுங் கெழங்கு" என்று சொல்லிக்கொண்டே சரசு உள்ளே ஓடி, தோல் சீவாத முழுக் கிழங்கைக் கொண்டுவந்து காட்டினாள். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலெல்லாம் பழுப்பு ரோமம், அசல் ஆட்டுக்காலேதான். அம்மாள் அலறி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சரசு அசரவில்லை. கத்தியால் ஒரே வெட்டு. உள்ளே எலும்புமில்லை, ரத்தமுமில்லை, இளம்பச்சை. அம்மாள் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். கடைசியில் இன்னொரு டம்ளர் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லாட்ஜ் ஓனர் கிழங்கையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெஸ்ட் வருவாங்க, பயப்படாதீங்க. ஆனா கோட்டக் கிழிச்சுப்போட்டு, மேசைக்கு ஒரு கெழங்கு வெச்சுருங்க."

கோடு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. யாராவது போனை எடுத்தால் சரசு கத்தியும் கிழங்குமாக வந்து நிற்கிறாள் என்பதுதான் எங்கள் கடை கண்ட டிஜிட்டல் வளர்ச்சி.