ஜெர்மனில் ஒரு ‘ங்க’

அக்ஷிதாவை ஜெர்மன் படிக்க அனுப்பிவைத்த புண்ணியவதி கனகம்தான். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை தேஜாவின் அம்மா. நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு, பல்லடத்திலிருந்து மகனோடு காரில் வந்து, வைத்த காபியையும் குடித்துவிட்டுச் சொன்னார்:

“தப்பா நெனச்சுக்காதீங்க. நர்ஸு வேலை, கண்டவன் பீ மூத்திரம் அள்ளற கை. நம்மூட்டுக்கு ஒத்துவராதுங்க.”

கழுத்தை அறுக்கும்போதுகூட ‘ங்க’ போடுகிற மரியாதை. தேஜா குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். காபி கொண்டுவந்து வைத்தவள் நான். பெயர் ரம்லா, அக்ஷிதாவோடு ஒரே வார்டில் நர்ஸ்.

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போவதென்று மறுவாரமே காந்திபுரத்தில் ஜெர்மன் வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். டூட்டி முடிந்து வந்து பேய் மாதிரிப் படித்தாள். “அவங்கூட்டுக்கு மேல பிளேன்ல போவேன் ரம்லா. அண்ணாந்து பாக்கோணும்” என்பாள்.

எங்கள் வகுப்புக்கே ஒரு வியாதி. ஜெர்மனில் ஆமாம் என்பதற்கு ‘யா’. நம் வாயில் அது ‘யாங்க’ ஆகிவிடும். டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். அக்ஷிதா மட்டும் அந்த ‘ங்க’வை வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

பரீட்சையில் இரண்டிரண்டு பேராகப் பேசவிடுவார்கள். அவளுக்கு ஜோடியாக வந்தவன் தேஜா. அவனும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போக எங்கோ படித்திருக்கிறான். வராந்தாவில் வந்து குழைந்தான்.

“ஏனுங்க அக்ஷிதா, பழசை மனசுல வெச்சுக்காதீங்க. இது பாஸானாத்தான் விசா. நான் தடுமாறுனா கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

அவள் சிரித்ததோடு சரி.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் நண்பனைப் பார்க்கப் போவதைப் பற்றிப் பேச வேண்டும். தலைப்பே அவள் பக்கம். எப்போது போகலாம், என்ன வாங்கலாம், எதில் போகலாம் என்று மூச்சுவிடாமல் கேட்டாளாம், எல்லாம் ‘நீ’ போட்டு. எதற்கும் அவன் வாயில் வந்தது “யாங்க” மட்டும். தேர்வாளர் விழித்தார். அவன் கெஞ்சுகிற மாதிரி அவளைப் பார்த்தான்.

“இவர் சொல்வது எனக்கும் புரியவில்லை” என்று ஜெர்மனிலேயே சொல்லிவிட்டாள்.

அவள் பாஸ், அவன் பெயில். முடிவு வந்த அன்றைக்கே கனகம் போன் போட்டார். அக்ஷிதா ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அம்மணி, நீ நல்லாப் பேசறயாமா. ஜெர்மனிக்குப் போறதுக்குள்ள தேஜாவுக்கு நீயே கொஞ்சம் சொல்லிக் குடு கண்ணு.”

இத்தனை நாள் பிடுங்கிப் போட்டிருந்த ‘ங்க’வையெல்லாம் அக்ஷிதா நிதானமாகத் திரும்ப எடுத்தாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. பீ மூத்திரம் அள்ளற கைங்க இது. உங்கூட்டுக்கு ஒத்துவராதுங்க.”