வேறை எங்கை போறது

"இந்தத் தண்ணியிலை பிள்ளைக்குப் பால்மா கரைக்காதேங்கோ அப்பா. நைத்திரேற்று அளவிலும் கூடவாம், பசளையிலை இருக்கிற சாமான்," என்றாள் கைக்குழந்தையோடு நின்ற மகள். சண்டிலிப்பாயில் எங்கள் கிணற்று நீரைச் சோதித்த முடிவு அன்றுதான் வந்திருந்தது.

வாளியிலிருந்து ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். சிறுவயதில் என் ஐயாவின் வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் குனிந்து குடித்த அதே ருசி. முன்பெல்லாம் ஐயா பூவரசங்குழையை வெட்டிப் பசளையாக மண்ணில் தாழ்ப்பார். அது அழுகும் மணம் அடுக்களை வரை வரும். பிறகு யூரியா வந்தது. வெள்ளை மணிகளைக் கைநிறைய எறிந்துவிட்டு, பாத்தி நிரம்பத் தண்ணீர் இறைப்பார்.

"எல்லாத்தையும் வெங்காயம் குடிச்சிடுமோ ஐயா?" என்று அப்போது ஒருநாள் கேட்டேன்.

"மிச்சம் மண்ணுக்கை போகும். வேறை எங்கை போறது?"

அந்த மிச்சம்தானா இது? இல்லை, அழுகிய குழையினுடையதா, மாட்டுக்கொட்டிலினுடையதா, கக்கூஸ் குழியினுடையதா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"கொதிக்க வைச்சுக் குடுப்பமோ?" என்று மகளைக் கேட்டேன்.

"தண்ணிதான் வத்தும் அப்பா. அது போகாது."

கொட்டிவிடலாமென்று வாளியைத் தென்னையடிக்குக் கொண்டுபோனேன். சரித்த கை பாதியில் நின்றது. தென்னைக்குப் பக்கத்திலேயே கிணறு. வேறெங்கே ஊற்றுவதென்று தெரியாமல் வாளியோடு நின்றேன்.